ஒரு முழு நாள் நிழல்

பாய் எதையும் உள்ளங்கையால் தொட்டுச் சூடு பார்த்ததில்லை. புறங்கையால்தான். அடுப்பிலிருந்து எடுத்த தட்டு, டீ டம்ளர், ஓடி நின்ற மோட்டார், வெயிலில் கிடந்த சைக்கிள் சீட்டு, எதுவானாலும் வலது கையைத் திருப்பி, விரல்களை மடக்கி, ஒரு நொடி ஒற்றி எடுப்பார். உள்ளங்கை உழைத்து உழைத்து மரத்துப் போனது, அது பொய் சொல்லும், புறங்கைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார்.

அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதுகிற தகுதி இருக்கிறதா என்றும் தெரியவில்லை. முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் பாய். ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, வெளியே மெட்ராஸ் தமிழ். சட்டைக் காலருக்குள் ஒரு வெள்ளைக் கைக்குட்டை, பையில் ஒரு பூதக்கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய்.

நான் எட்டாவது வரை படித்தவள். மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் குடியிருக்கிறேன். காலையில் கபாலீஸ்வரரையும் கற்பகாம்பாளையும் கும்பிட்டுவிட்டு, பறக்கும் ரயில் பிடித்துத் தரமணிக்கு வேலைக்குப் போவேன். அங்கே கண்ணாடி கண்ணாடியாக நிற்கும் கம்ப்யூட்டர் ஆபீஸ்களுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று. அதுதான் எங்கள் கம்பெனி.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று என் வீட்டுக்காரர் முதல் நாள் கேட்டார். அலுமினியத்தில் தேன்கூடு என்றேன். அப்போ தேன் எங்கே என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பாயிடம் கேட்டேன். அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன்.

ரசாயன ஆலைகளில் நீள நீளமான குழாய்களுக்குள் வாயுவை அனுப்பி, ஒரு பொருளை வேறு பொருளாக மாற்றுவார்களாம். அப்படி மாறுவதற்கு ஒரு மருந்துப் பொடி வேண்டும். கேட்டலிஸ்ட் என்பார்கள். அந்தப் பொடியை எதன் மேலாவது ஒட்டித்தான் உள்ளே வைக்க முடியும். வழக்கமாக மண் உருண்டை மாதிரி ஒன்றில் ஒட்டுவார்கள். வாயு மாறும்போது அனல் கிளம்பும். மண் உருண்டை அந்த அனலைக் கடத்தாது. அனல் ஓரிடத்திலேயே நின்று கனன்று மருந்தைச் சாகடித்துவிடும், சில சமயம் குழாயையே உப்ப வைத்துவிடும். அதற்காகத்தான் நாங்கள் மெல்லிய அலுமினியத் தகட்டில் அறை அறையாகத் தேன்கூடு மாதிரி செய்து, மருந்து பிடிப்பதற்கு அதன் மேல் ஒரு வெள்ளைப் பூச்சுப் பூசிக் கொடுத்தோம். அனல் அந்தத் தகடு வழியாகவே ஓடி வெளியே போய்விடும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, பாய் வேறு மாதிரி கேட்டார்.

"பொங்கல் இன்னாத்துக்கு அடி பிடிக்குது தங்கச்சி? அரிசி தப்பா, அடுப்பு தப்பா? ரெண்டும் இல்ல. சூடு ஓட வழியில்லாம ஒரே எடத்துல நின்னுடுது. சூடு தப்பில்ல. நிக்கறதுதான் தப்பு."

இதை அவர் தகட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. டீயைச் சாசரில் பரப்பித்தான் குடிப்பார். ஒருநாள் முதலாளி, கே.கே. நகரிலிருந்து வருகிற சின்ன வயசுப் பையன்தான், உடைந்த தட்டு ஒன்றுக்காக எங்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். பாய் பேசாமல் பக்கத்தில் போய், முதலாளியின் முழங்கையில் புறங்கையை ஒற்றினார். "சூடு நிக்குது சார். கேட்டு வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வந்துடுங்க" என்றார். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னோடு முக்குகிற வேலை பார்த்த இன்னொரு பெண் வாய்த்துடுக்குக்காரி. கல்யாணத்தன்றும் பொண்ணு கையைப் புறங்கையாலதான் தொட்டீங்களா பாய் என்று கேட்டுவிட்டாள். அவர் ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, ஆமாம், ஜில்லென்று இருந்தது, பயந்து போயிருந்தாள் பாவம் என்றார்.

அந்தப் புறங்கையால்தான் என் மகள் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. நாலு நாளாகக் காய்ச்சல். சாயங்காலம் நான் ஷெட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டுப் போக பாய் வீட்டுக்கு வந்தார். காய்ச்சல் விட்டுவிட்ட மாதிரிதான் இருக்கிறது, குழந்தை தூங்குகிறது என்றேன். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்தார். பிறகு வயிற்றில். பிறகு பாதத்தில். பாதத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

"கால் ஐஸ் மாரி கீது தங்கச்சி. சூடு கீழ எறங்கல. துணி மாத்திக்கினு நிக்காத, இப்பவே கிளம்பு."

அவரே ஆட்டோ பிடித்தார். டெங்கு. இன்னும் இரண்டு மணி நேரம் கழித்து வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. மருத்துவமனை வராந்தாவில் பாய் ஒரு மூலையில் தொழுதுகொண்டிருந்தார். நான் கற்பகாம்பாளிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். குழந்தை பிழைத்தால், அறுபத்து மூவர் திருவிழா அன்று எங்கள் வீட்டில் வழக்கமாகக் கொடுக்கும் நீர்மோரை இரண்டு பங்காகக் கொடுக்கிறேன், ஒரு வருஷம்கூடத் தவறாமல், என் கையாலேயே.

பிழைத்தாள். அந்த வேண்டுதலைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷெட்டில் முக்குவது என் வேலை. பால் மாதிரி கெட்டியான வெள்ளைக் கரைசலில் தேன்கூட்டை முக்கி, அறைகளுக்குள் தேங்கியதைக் காற்றால் ஊதி வெளியேற்றி, தட்டில் வரிசையாக அடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முக்கியமான காரியம். ஒரு முழு நாள் நிழலில் காய வேண்டும். வெயில் கூடாது, காற்று கூடாது. அந்த அறையின் மின்விசிறியையே பாய் கழற்றி வைத்திருந்தார். அவசரப்படுத்தினால் மேலே காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும், அது ஒரு பக்கம் இழுக்கும் இது ஒரு பக்கம் இழுக்கும், நடுவில் கிழியும், கண்ணுக்கே தெரியாது, உலைக்குள் போன பிறகுதான் தெரியும் என்பார்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அட்டை. பொடி எது, பசை எது, முக்கின நேரம், அடுப்பில் வைத்த நேரம். கீழே முக்கினவர் கையெழுத்து, அதற்கும் கீழே பாய் கையெழுத்து. அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு துண்டை எடுத்துச் சுட வைத்து, சட்டென்று தண்ணீரில் போட்டு, கறுப்புக் காகிதத்தின் மேல் தட்டிப் பார்ப்பார். ஒரு துளி வெள்ளைப் பொடி உதிர்ந்தாலும் அந்தத் தட்டு முழுக்கக் கழிவுதான்.

சில வருஷம் கழித்து, ஒரு பங்குனியில் எங்கள் ஷெட்டே ஒரு ஆர்டருக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. பெரிய ஆலை ஒன்று, முதல் தடவையாக எங்கள் சரக்கை ஒரு குழாயில் வைத்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. அது தேறினால் எல்லோருக்கும் வேலை நிலைக்கும். லாரி கிளம்ப வேண்டிய நாளும் அறுபத்து மூவர் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. முந்தின நாள் காலை பத்து மணிக்கு முக்கினால் மறுநாள் பத்து மணிக்கு அடுப்பில் வைக்கலாம், மத்தியானம் நீ கிளம்பிவிடலாம் என்று பாயே எனக்காக நேரத்தை வகுத்துக் கொடுத்தார். முந்தின நாள் அவரும் முதலாளியும் அந்த ஆலைக்குப் போயிருந்தார்கள். அந்த வாய்த்துடுக்குக்காரியும் அன்று லீவு, முக்க நான் மட்டும்தான்.

பத்து மணிக்குக் கரைசலைக் கலக்கிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன். மோருக்குச் சொல்லி வைத்த பால் வரவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கால் பிசகிக் கட்டுப் போட்டிருந்தது, அவரால் எழுந்து போக முடியாது. ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஓடினேன். எங்கெங்கோ அலைந்து பால் வாங்கி, காய்ச்சி, ஆற வைத்து, உறை ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது மாலை ஐந்து.

ஐந்து மணிக்கு முக்கினேன். அட்டையில் பத்து என்று எழுதினேன்.

சாமி காரியமாகத்தானே போனேன், சாமி பார்த்துக்கொள்வார் என்று இருந்தேன்.

மறுநாள் யாரும் வருவதற்கு முன்னால் போய்த் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஈரம். கடல் காற்று அடிக்கிற மாசம், காயுமா? பெட்டி கட்டும்போது பிளாஸ்டிக் உறையைச் சுருக்க அனல் காற்று ஊதுகிற துப்பாக்கி ஒன்று உண்டு. அதை எடுத்து ஒவ்வொரு தட்டாகக் காட்டினேன். அரை மணி நேரத்தில் எல்லாம் திருநீறு மாதிரி வெள்ளை வெளேரென்று காய்ந்துவிட்டன.

பாய் பத்து மணிக்கு வந்தார். அட்டையைப் பார்த்தார். தட்டில் புறங்கையை ஒற்றினார். அதற்குள் எல்லாம் ஆறியிருந்தது. வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அடுப்பிலிருந்து எடுத்த பிறகு ஒரு துண்டைச் சுட்டுத் தண்ணீரில் போட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. முதலாளி தயங்கினார். பாய் அட்டையைத் தூக்கிக் காட்டி, "தங்கச்சி முக்கினது சார். இதுல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை வடக்கு மாட வீதியில் எங்கள் மோர்ப் பந்தலுக்கு அவர் வந்தார். வருஷா வருஷம் வருவார். எனக்கு ஒரு டம்ளர் எடுத்து வை என்று முதல் நாளே சொல்லிவிடுவார். ஆனாலும் வரிசையில் நின்றுதான் வாங்குவார். டம்ளரைப் புறங்கையால் தொட்டு, தலையை ஆட்டிவிட்டுக் குடித்தார். என் மகள் எங்கே என்று தேடி, அவள் உச்சந்தலையைத் தொட்டு, நல்லா கீறியா என்றார். அறுபத்து மூவரும் பல்லக்குகளில் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் பெட்டி திரும்பி வந்தது.

குழாயில் பூச்சு பெயர்ந்துவிட்டது. அதோடு மருந்தும் போய், கீழே ஓரிடத்தில் குவிந்து, அங்கே அனல் நின்று குழாய் உப்பிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கபாலி புண்ணியம். ஆனால் இனி இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி மேஜையில் துண்டுகளைக் கொட்டினார். பாய் பூதக்கண்ணாடியை எடுத்தார். எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் குளம் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதே வெடிப்பு, மிகச் சின்னதாக.

பாய் நெடுநேரம் பார்த்தார். அவசரமாகக் காய்ந்த பூச்சு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றாமல் இருக்குமா? தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அட்டையில பத்துன்னு போட்டுக்கீது தங்கச்சி. பத்துதானே?"

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாய்த்துடுக்குக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பயம், இவர் முகம் எப்படி மாறும் என்பதுதான்.

"ஆமா பாய்" என்றேன்.

அவர் உடனே முதலாளி பக்கம் திரும்பிவிட்டார். இன்னொரு தடவை கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்ப தப்பு என் பசையில சார்" என்றார் அவர்.

முதலாளி அவரைப் போகச் சொல்லவில்லை. ஆனால் பாய் அதற்குப் பிறகு அட்டைகளில் கையெழுத்துப் போடவில்லை. வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள் என்றார். அதைவிட எனக்கு வேதனையாக இருந்தது வேறு ஒன்று. தட்டை ஒரு தடவை புறங்கையால் தொட்டால் போதும் என்று இருந்த மனுஷர், தொட்டுவிட்டு மறுபடி தொட ஆரம்பித்தார். மூன்றாவது தடவையும் தொடுவார். டீ டம்ளரைக்கூட. அந்தக் கையை அவர் நம்பவில்லை. ஆடி பிறப்பதற்குள் வேலையை விட்டுவிட்டார்.

அடுத்த பங்குனியில் மோர்ப் பந்தலுக்கு வந்தார். இளைத்திருந்தார். காலருக்குள் கைக்குட்டை இருந்தது, கழுத்துதான் இல்லை. வீட்டு மொட்டை மாடியில் ஒரு சின்ன அடுப்பு வைத்துக்கொண்டு, பழைய தகட்டுத் துண்டுகளில் பூசிப் பூசிப் பார்ப்பதாகச் சொன்னார்.

"பசைய மாத்திட்டேன், தண்ணிய மாத்திட்டேன், பொடிய சலிச்சு சலிச்சுப் போட்டுட்டேன். பெயரவே மாட்டேங்குது தங்கச்சி. ஒரு தபா பெயர்ந்துட்டா தேவலை. தப்பு எங்கன்னு தெரிஞ்சுடும்."

பெயராது பாய், உங்கள் பூச்சில் தப்பே இல்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தேன். அப்போது பின்னால் பல்லக்கு வந்துவிட்டது. கூட்டம் ஒரே அலையாக முன்னால் சாய்ந்தது, எல்லோரும் கையைத் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். இறக்கிப் பார்த்தபோது அவர் இல்லை. டம்ளரைக் கழுவி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் போயிருக்கலாம். மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டை என்ன சீமையா, பஸ்ஸில் கால் மணி நேரம். மகளுக்குப் பரீட்சை என்றேன். பிறகு ஆடி வெள்ளி, பிறகு நவராத்திரிக் கொலு. பிரதோஷம் தவறாமல் கபாலியிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடம் சொல்வது சுலபம். அவர் திருப்பி ஒன்றும் கேட்பதில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் முதலாளி போன் செய்தார். பாய் போய்விட்டார், காலையில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வலி என்றார்.

போனேன். தெருமுனையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நாற்பது நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு பாய் வீட்டம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. கம்பெனி சாமான் ஏதோ இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். அவர்களை அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு பெரிய பிஸ்கட் டின்.

உள்ளே துண்டு துண்டாகத் தேன்கூடுகள். ஒவ்வொன்றிலும் நூலால் ஒரு அட்டை கட்டியிருந்தது. எங்கள் ஷெட் அட்டை மாதிரியே கோடு போட்டு, அவரே வெட்டியது.

தமக்கு உருது எழுத்துதான் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது, ஒரு வருஷத்துக்கு மேல் மாடியில் உட்கார்ந்து இதையே எழுதிக்கொண்டிருந்தார், என்னதான் எழுதினார் என்று கொஞ்சம் படித்துக் காட்டு என்றார்கள்.

எடுத்தேன். படித்தேன்.

"ஒண்ணு. பொடி பழையது. பசை புதியது. தண்ணீர் குழாய்த் தண்ணீர். உலர்த்தல், தங்கச்சி முறை. பெயரவில்லை."

"ரெண்டு. பொடி பழையது. பசை பழையது. தண்ணீர் கேன் தண்ணீர். உலர்த்தல், தங்கச்சி முறை. பெயரவில்லை."

மூன்றில் பொடி வேறு. நான்கில் தகட்டை எலுமிச்சம்பழத்தால் துடைத்திருக்கிறார். ஏழில் ஆலைக்காரர்கள் சூட்டை வேகமாக ஏற்றியிருப்பார்களோ என்று அவரும் வேகமாக ஏற்றிப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டில் இரண்டு பூச்சு. நான் படிக்கப் படிக்க அந்த அம்மா இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் வரமாட்டார், சோறு ஆறிவிடும், ஒரு நாளும் ஆறின சோறு சாப்பிடாதவர் ஆறினதையே சாப்பிட்டார். தூக்கத்தில்கூட கையைத் திருப்பித் திருப்பித் தலையணையைத் தொட்டுப் பார்ப்பார்.

நாற்பத்தொன்று வரை இருந்தது. பொடி மாறியது, பசை மாறியது, தண்ணீர் மாறியது, தகடு மாறியது, அடுப்பு மாறியது. ஒரு வரி மட்டும் மாறவில்லை. நாற்பத்தொரு தடவை என் வாயாலேயே சொன்னேன்.

படித்து முடித்ததும் அந்த அம்மா கேட்டார்கள்.

"எல்லாத்துலயும் தங்கச்சி முறை, தங்கச்சி முறைன்னு வருதே. அது இன்னாம்மா?"

"நான் காய வைக்கிற முறைக்கா. ஒரு முழு நாள் நிழல்ல."

"மத்ததெல்லாம் மாத்தி மாத்திப் பாத்தவரு, அதை ஏன் மாத்தல?"

நான் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன்.

"அதுல தப்பு இருக்காதுன்னு நம்பிட்டாருக்கா" என்றேன். "அதுலதான் தப்பு. அன்னிக்கு நான் சாயந்திரம் முக்கிட்டு காலையில முக்கினதா எழுதிட்டேன். அனல் காத்துல காய வெச்சேன். அவர் கேட்டப்பவும் பொய் சொல்லிட்டேன்."

மோர், பால், வேண்டுதல், வீட்டுக்காரர் கால் என்று எதையும் நான் சொல்லவில்லை.

அந்த அம்மா அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக டின்னுக்குள் எடுத்து வைத்தார்கள். கடைசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே இத அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது?" என்றார்கள்.

துண்டை டின்னில் வைத்துவிட்டு, "நீ அன்னிக்குக் காய வெச்ச அந்த ஒண்ணு பாக்கியா கீதுல்ல. அதையும் செஞ்சு, அவரு மாரியே எழுதி எடுத்துனு வா. அவரு பொட்டி முழுசாவட்டும்" என்றார்கள்.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று ஷெட்டில் கிடந்த என் வேலைத் துணியெல்லாம் பையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் சொன்னேன். பாய் போறேன்னு நின்னப்ப நானும் இருங்கன்னு சொல்லலையேக்கா என்றார். அவ்வளவுதான். பிறகு சாவியைக் கொடுத்தார்.

பழைய பொடி, பழைய பசை, பாய் கைப்பக்குவம். மாலை ஐந்து மணிக்கு ஒரே ஒரு துண்டை முக்கினேன். காலையில் அனல் காற்றைக் காட்டினேன். அடுப்பில் வைத்து எடுத்து, சுட வைத்துத் தண்ணீரில் போட்டு, கறுப்புக் காகிதத்தின் மேல் ஒரே ஒரு தடவை தட்டினேன். மொத்தமாகக் கொட்டியது. அவர் ஒன்றேகால் வருஷம் தேடியது ஒரே தட்டலில் காகிதத்தில் கிடந்தது.

அட்டையில் கோடு போட்டு எழுதினேன். பசை பழையது. பொடி பழையது. உலர்த்தல் பதினேழு மணி நேரம், கடைசியில் அனல் காற்று. பெயர்ந்தது. கீழே முக்கினவர் கையெழுத்துப் போட்டேன். அதற்கும் கீழே அவர் கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டேன்.

ராயப்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மத்தியான வெயில். பாய் வீட்டம்மா டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு, படி என்றார்கள். படித்தேன். துண்டை வாங்கினார்கள். பூச்சு உதிர்ந்து வெறும் அலுமினியமாக மினுமினுத்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்கள்.

"நாப்பத்தி ரெண்டு. அவ்ளோதானே? இன்னும் ஒண்ணும் இல்லியே?"

"இல்லக்கா."

மூடியை அழுத்தி மூடினார்கள். போன தடவை வந்தபோது ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொடுத்தார்கள். இந்தத் தடவை கொடுக்கவில்லை. எழுந்து வந்தேன்.

அவர்கள் குடியிருப்பது முதல் மாடியில். மாடிப்படி வெளிப்பக்கமாக, தெருவைப் பார்த்து இறங்குகிறது. இரும்புக் கைப்பிடி காலையிலிருந்து வெயிலில் காய்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் பிடித்தேன். கடைசிப் படி வரை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.